கணினிப் பெட்டியின் விசிறிக்கு ஒரு கணக்கு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சித்திரை பிறக்கப் போகிறது. விழுப்புரம், திண்டிவனம் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் நம் வீட்டுக் கணினி படும் பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் வணிகவியல் படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன், பொறியாளர் அல்ல. எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன்.

ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை கொடுத்த பிறகு வங்கிக் கிளைகளுக்குக் கணினி வரத் தொடங்கியது. எங்களுக்கு சீலிங் ஃபேன், கணினிக்கு ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்று கணினி நம் வீட்டில், மொட்டை மாடிக்குக் கீழே, 36 டிகிரி சூட்டில் ஓடுகிறது. அதைக் காப்பாற்றுவது பெட்டிக்குள் இருக்கும் இரண்டு மூன்று சிறிய விசிறிகள்தான்.

இரண்டு புகார்களை அடிக்கடி கேட்கிறேன். இரவில் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும்போது ஒரே இரைச்சல் என்பது ஒன்று. மதியத்தில் கணினி மந்தமாகிறது, சில நேரம் நின்றே விடுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை வைரஸ் என்று நினைக்கிறார்கள். பல இன்டெல் பிராசஸர்களுக்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு. அதை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டு புகாருக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து, விசிறியின் வேகத்தை வெப்பத்தோடு இணைப்பது. அந்த வசதி மதர்போர்டிலேயே இருக்கிறது. செலவு கிடையாது.

முதலில் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து விசிறியின் ஒயரைப் பாருங்கள். முனையில் மூன்று பின் இருக்கும், அல்லது நான்கு. மூன்று பின் என்றால், 12 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். பயாஸில் இதற்கு 'டிசி' என்று பெயர். நான்கு பின் என்றால் 12 வோல்ட் மாறாமல் போகும், நான்காவது ஒயரில் வேகத்துக்கான உத்தரவு தனியாகப் போகும். இது 'பிடபிள்யூஎம்'.

மூன்று பின் விசிறியை மாட்டிவிட்டு பயாஸில் 'பிடபிள்யூஎம்' என்று வைத்திருந்தால், உத்தரவை வாங்க ஒயரே இல்லை. விசிறி எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். திண்டிவனத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் என் உறவினர் ஒருவரிடம், இந்த இரைச்சலுக்குப் புதுப் பெட்டியே வாங்கச் சொல்லியிருந்தார்கள். 'டிசி' என்று மாற்றியதும் இரைச்சல் அடங்கியது.

பயாஸுக்குள் போக, கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையை விட்டுவிட்டு அழுத்துங்கள். சிலவற்றில் எஃப்2. ஆசுஸ் போர்டில் 'கியூ-ஃபேன்', கிகாபைட்டில் 'ஸ்மார்ட் ஃபேன்' என்று இருக்கும். கம்பெனி பெட்டியாக வாங்கிய சில கணினிகளில் இந்த வசதி இருக்காது. இருந்தால் ஒரு வரைபடம் தெரியும். அதை வருமான வரி ஸ்லாப் போல நினைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி வரை 40 சதவீத வேகம், 60-இல் 55, 70-இல் 75, 80-ஐத் தொட்டால் 100. தொடங்குவதற்கு இது போதும்.

மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, இதை மார்கழியில் அமைக்காதீர்கள். விசிறியால் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் குளிரவைக்க முடியாது. அறை 12 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மே மாத மதியம் 3 மணிக்குப் பார்த்து அமைத்தால் வருடம் முழுவதும் தாங்கும்.

இரண்டு, பிராசஸர் மேலுள்ள விசிறியை ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மற்றவற்றையும் மிகவும் குறைத்தால் சில விசிறிகள் சுழலத் தொடங்கவே மாட்டா. சேமித்தபின் எல்லாம் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

மூன்று, விசிறி நொடிக்கு நொடி ஏறி இறங்கினால், சில விநாடிகள் பொறுத்து வேகம் மாறும்படி வைக்கும் அமைப்பும் அங்கேயே பல போர்டுகளில் உண்டு.

ஜி.எஸ்.டி. சாலைத் தூசி அடைத்துக்கொண்டால் எந்தக் கணக்கும் உதவாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்த இதழ் வரும்போதெல்லாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள். ஊதும்போது விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு முழுவதும் அலுவலகக் கணினியில்தான் இருக்கிறது. பதிவு செய்துகொண்டிருக்கும்போது அது சூட்டில் நின்றால் நஷ்டம் எல்லோருக்கும். கத்திரி தொடங்குமுன் அதை நானே திறந்து பார்க்க, செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை அன்று அனுப்பிவையுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும் கொண்டுவரட்டும்.