கட்டிய வீடா, வெறும் மனையா?

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பல இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் குடியிருக்கின்றன. அவ்வீடுகள் சிலவற்றில், பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய பழைய கணினி மூலையில் கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அதற்காகக் கடன்பட்டுப் புதியது வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை, லினக்ஸ் இருக்கிறது.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை விலையின்றிப் பெறலாம். அதைப் பலர் பலவாறு தொகுத்து வழங்குகின்றனர். அத்தொகுப்புகள் பெரும்பாலும் இருவகைப்படும்.

ஒன்று, கட்டி முடித்த வீடு. லினக்ஸ் மின்ட் அப்படிப்பட்டது. நிறுவியவுடன் இணையம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். மற்றொன்று, வெறும் மனை. ஆர்ச் லினக்ஸ் இவ்வகை. முதலில் கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே தெரியும். மற்றவற்றை நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். டெபியன் இரண்டுக்கும் இடைப்பட்டது. எது வேண்டுமென்று நிறுவும்போதே நம்மைக் கேட்கும்.

வெறும் மனையில் வேண்டாத சாமான் இராது. கணினியின் உள்வேலையும் நமக்குப் புரியும். ஆனால், அதனாலேயே கணினி பறக்குமென்று எண்ணிவிடக் கூடாது. இன்று நினைவகத்தை அதிகம் விழுங்குவது இணைய உலாவி. அது எந்த வீட்டிலும் அதே அளவுதான் சாப்பிடும். மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகைக்கு 2 ஜிகாபைட் நினைவகம் போதும். 4 இருந்தால் வசதி.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மனையில் கட்டியவர் மகன். அவர் நாளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். கணினி மக்கர் செய்தால் வீட்டிலிருக்கும் தாயும் தங்கையும் யாரிடம் கேட்பார்கள்? ஆகவே, குடும்பக் கணினிக்குக் கட்டிய வீடே ஏற்றது. கற்கும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு வேறொரு பழைய கணினியில் மனையைக் கொடுப்போம்.

நிறுவுமுன் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் பதிந்து வைப்போம். மின்ட்டை யுஎஸ்பி குச்சியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்த பின் குடியேறலாம்.