குடியை விடக் கயிறா, கூட்டமா?

(ஒரு மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியது)



குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடையை மூடவேண்டும் என்றோ, குடிகாரனுக்குப் புத்தியில்லை என்றோ சொல்லி முடித்துவிடுவது வழக்கம். 2003-ம் வருஷம் முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கும் இந்நாட்டில் கடையைப் பற்றிப் பேசவேண்டியது அவசியந்தான். ஆனால் இன்று நாம் பேச வந்தது வேறு. குடியை விட்டொழிக்க வேண்டுமென்று தானே விரும்புகிற ஒருவன் நாளைக் காலையில் எங்கே போவது என்பதே இன்றைய விஷயமாகும்.

நம் ஜனங்கள் அவனை முதலில் கோவிலுக்கு இழுத்துப் போகிறார்கள். பூசாரி கையில் கயிறு கட்டுகிறான். தட்டில் காசு விழுகிறது. கயிறு இருக்கும்வரை அவன் பயப்படுகிறான். அது அறுந்ததும் பழையபடி குடிக்கிறான். அப்போது சாமியை யாராவது குற்றம் சொல்லுகிறார்களா? "இவனுக்குச் சாமி பயமே இல்லை" என்று அவன் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். மருந்து பலிக்காவிட்டால் வைத்தியரைக் கேட்கிறோம். கயிறு பலிக்காவிட்டால் நோயாளியை வைகிறோம். இது என்ன நியாயம்?

தோழர்களே! குடி முற்றினால் அது நோய். தினமும் மிகுதியாகக் குடித்தவன் சபதம் செய்துகொண்டு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். ஆதலால் முதற்படி ஆஸ்பத்திரிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் உடம்பு தேறி வீடு வந்தால் அதே தெரு, அதே சிநேகிதர்கள், அதே சாயங்காலம் காத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இடத்தில்தான் மனிதனுக்கு மனிதத் துணை வேண்டியிருக்கிறது.

1935 மே மாதத்தில் பில் வில்சன் என்பவர் வியாபார விஷயமாக அமெரிக்காவிலுள்ள ஆக்ரன் நகருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆன அவர் ஓட்டலில் தனியாக நின்றார், பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் டெலிபோனை எடுத்து, பாதிரிமார்களிடம் விசாரித்து, தம்மைப்போல் அவதிப்படும் இன்னொரு குடிகாரரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அவ்விருவரும் தொடங்கியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற கூட்டம். வில்சன் இதைக் கடவுள் அருள் என்றே நம்பினார், நம்பிவிட்டுப் போகட்டும். ஆனால் ஆபத்து வேளையில் பிரார்த்தனை மாத்திரம் போதாமல், அவருக்கு ஒரு மனிதன் வேண்டியிருந்ததா, இல்லையா?

அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வருகிறது. நாம் அதை மறைக்கவில்லை. 1939-ல் புத்தகம் வெளியானபோதே, நம்பிக்கையற்ற அங்கத்தினர்கள் சிலர் வற்புறுத்தியதால், அவரவர் அறிந்தபடியான கடவுள் என்று வாசகத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும்; வேறு யோக்கியதை தேவையில்லை என்பதே அவர்கள் விதி. கட்டணமும் கிடையாது.

இங்கே நாம் நமது குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மன்றத் தோழர் ஒருவர் அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போய் ஏழு மாதம் குடியாமல் இருந்தார். நாம் என்ன செய்தோம்? "என்ன தோழரே, பிரார்த்தனை ஆயிற்றா?" என்று டீக்கடையில் கேலி செய்தோம். அவர் வெட்கப்பட்டுப் போவதை நிறுத்தினார். மறுபடியும் குடித்தார். இரண்டாம் வருஷம் ஈரல் கெட்டு மாண்டார். கடவுளைத் திட்டத் தெரிந்த நமக்கு, ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. இதுவா பகுத்தறிவு?

பகுத்தறிவு என்பது பலனைப் பார்ப்பது. 2020-ல் 27 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பரிசீலித்தார்கள். முற்றிலும் குடியாமல் இருக்கச் செய்வதில் இம்முறை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, மேலானதாகவும் இருக்கிறது என்று கண்டார்கள். குடிக்கிற சகவாசம் போய்க் குடியாத சகவாசம் வருவது இதற்கொரு முக்கிய காரணமென்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். இதில் அற்புதம் ஏது? கடவுளே வேண்டாமென்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி என்ற முறையும் 1994 முதல் அமெரிக்காவில் நடந்து வருகிறது.

ஆகவே, வேண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள். அல்லது 14446 என்ற இலவச டெலிபோன் எண்ணில் கேளுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்ட எந்தக் கூட்டம் நடக்கிறதென்று விசாரியுங்கள். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். பிரார்த்தனை வேளையில் சும்மா இருங்கள். மனிதர் பேசும் வேளையில் காது கொடுங்கள். தாய்மார்களே! புருஷன் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் 1951 முதல் இருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்க மாத்திரம் துணியாதீர்கள்; அது உயிருக்கே ஆபத்து.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால் நம் மன்றத்தின் கதவைத் திறந்துவிடுவோம். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரு விளக்கு, நாலு பாய் போதும். வருகிறவனை ஜாதி கேட்கவேண்டாம், கொள்கை கேட்கவேண்டாம், கேலியும் செய்யவேண்டாம். இறந்த அந்தத் தோழருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுவேயாகும் என்று சொல்லி, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.