சண்டை போட்டுச் செதுக்கிய ப்ரொப்பெல்லர்

போன மாசம் ஆபீஸ்ல ஒரு டிசைன் விஷயமா என் நண்பனோட பயங்கர சண்டை. மூணு வாரமா பேச்சே இல்லை. அந்தக் கடுப்புலதான் இந்த எபிசோடுக்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

வாஷிங்டன்ல இருக்கிற ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துல ரைட் சகோதரர்களோட 1903 விமானம் இருக்கு. எல்லாரும் இறக்கையைப் பார்ப்பாங்க. நான் அதோட ப்ரொப்பெல்லரைப் பத்திப் பேசுறேன்.

கப்பல் ப்ரொப்பெல்லருக்கு எப்படியும் கணக்கு இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கலாம்னு வில்பரும் ஆர்வில்லும் நினைச்சாங்க. தேடிப் பார்த்தா, கப்பல்காரங்ககிட்ட இருந்தது அனுபவத்துல வந்த சூத்திரங்கள் மட்டும்தான். நம்ம பாஷைல சொன்னா, கோடு ஓடுது, ஏன் ஓடுதுன்னு டாக்குமென்டேஷன் இல்லை!

அப்போதான் அவங்களுக்குப் புரிஞ்சது: ப்ரொப்பெல்லர்ங்கிறது சுத்திக்கிட்டே முன்னாடி போற ஒரு இறக்கை. நுனி வேகமா சுத்தும், நடுப்பக்கம் மெதுவா சுத்தும். அதனால ஒவ்வொரு இடத்துலயும் கோணம் மாறணும். இதுக்காக ரெண்டு பேரும் மாசக்கணக்கா வாதாடினாங்க. பல தடவை, வாதம் முடியும்போது இவர் அவர் கட்சிக்கும், அவர் இவர் கட்சிக்கும் மாறியிருப்பாங்களாம். அப்பவும் ஒத்துப்போகலை!

கடைசியில மூணு ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒட்டி, எட்டரை அடி நீளத்துக்குக் கையாலேயே செதுக்கினாங்க. ஒரே 12 குதிரைத்திறன் இன்ஜின், சைக்கிள் மாதிரி சங்கிலி, ரெண்டு ப்ரொப்பெல்லர். ஒரு சங்கிலியை மட்டும் எட்டு வடிவத்துல குறுக்கா மாட்டி, ரெண்டையும் எதிரெதிர் திசையில சுத்த வச்சாங்க. அதோட செயல்திறன் 75 சதவீத அளவுல இருந்ததுன்னு பிற்காலச் சோதனைகள் காட்டுது. 1903-ல, காகிதத்துல போட்ட கணக்கை வச்சு!

டிசம்பர் 17 அன்னிக்கு நாலு தடவை பறந்தாங்க. கடைசித் தடவை 59 வினாடி, 852 அடி. அப்புறம் வீசின காத்துல விமானம் புரண்டு உடைஞ்சது, திரும்பப் பறக்கவே இல்லை. ஆனா இடது ப்ரொப்பெல்லரோட ஒரு சின்ன மரத்துண்டு, 1969-ல நீல் ஆம்ஸ்ட்ராங்கோட நிலாவுக்கே போயிட்டு வந்தது.

எனக்கு மனசுல நின்னது அந்த மரத்துண்டு இல்லை, அந்தக் கட்சி மாறல்தான். எதிராளி சொல்றதைக் காதுல வாங்கினாதான் கட்சி மாற முடியும். நான் அந்த மீட்டிங்ல என் பதிலை மட்டும்தான் மனசுல ஓட்டிக்கிட்டு இருந்தேன். அவன் என்ன சொன்னான்னு இப்போ கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியலை.

ரெக்கார்டிங் முடிஞ்சதும் அவனுக்குத்தான் போன். நீங்க யாருக்குப் பண்ணணும்? அடுத்த வாரம் பார்ப்போம்!