காத்தானைக் காண வந்த கூட்டம்



தொலைக்காட்சியிலே அரும்பெரும் ஆற்றல் படைத்த நாயகன் ஒருவனின் தொடர் நாடகம், சில மாத ஓய்வின் பின் மீண்டும் ஆரம்பமாகின்றது என்றால், அந்த முதல் நாள் இளைஞருக்கு ஒரு திருநாளாகிவிடுகின்றது. வானிலே பறப்பவனோ, சுவரிலே ஊர்பவனோ, முகமூடி பூண்டு தீயோரை ஒறுப்பவனோ, எவனாயினும் அவன் திரும்பி வரும் வேளையை நாள் எண்ணிக் காத்திருக்கின்றனர். மறுநாட் காலையில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை வாயிலிலே துவிச்சக்கர வண்டிகளைச் சாத்திவிட்டு அவர்கள் நடத்தும் வழக்காடலைக் காதுகொடுத்துக் கேட்டல் வேண்டும். நாயகனின் உடை ஏன் மாறிற்று? பழைய நடிகரை நீக்கிப் புதியவரைக் கொண்டுவந்தது தகுமா? சென்ற பருவத்திலே மாண்டவன் இம்முறை எழுந்து வந்தது எவ்வாறு? இலக்கணப் பாடத்திலே வாய் திறவாத பிள்ளையும் இங்கே சான்று காட்டி வாதிடுகின்றான்.

பெரியோர் பலர் இதனை மேல்நாட்டிலிருந்து வந்த புதுநோய் என்று கூறி முகஞ் சுளிக்கின்றனர். 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சிறுவர் சித்திரக்கதை ஒன்றிலே தோன்றிய சூப்பர்மேன், 1952 இல் அந்நாட்டுத் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தான். அவனைத் தொடர்ந்து அவன் இனத்தார் பலர் வந்தனர். இது உண்மையே. ஆயினும், நாயகன் வரும் முதலிரவுக்காக ஊர் முழுவதும் காத்திருப்பதும், வந்தவனை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதியன அல்ல. அவ்வாறு முகஞ் சுளிப்போரின் பாட்டனும் பாட்டியும் பாயும் தலையணையுமாகப் புறப்பட்டுப்போய் விடியும்வரை கண்விழித்திருந்தார்கள். அவர்கள் காணச் சென்ற நாயகனின் பெயர் காத்தவராயன்.

காத்தானின் கதை குடாநாட்டிலே அறியாதார் இல்லாத கதை. அவன் முத்துமாரியின் மகன். தெய்வப் பிறவி, உருமாறும் வல்லமை உடையவன். ஆரியமாலை என்னும் உயர்குலப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, தாய் விதிக்கும் தடைகளையெல்லாம் கடந்து, வேடத்தின்மேல் வேடம் பூண்டு அவளை அடைய முயல்கின்றான். ஈற்றிலே கழுமரம் அவனுக்காகக் காத்து நிற்கின்றது. சாதி பார்த்து ஆளைக் கோயில் வாசலிலே நிறுத்திய சமூகம் ஒன்று, குலத்தின் எல்லையை மீறிய ஒருவனுக்காக இரவிரவாகக் கண்ணீர் விட்டது என்பதை நினைக்குந்தோறும் வியப்பே உண்டாகின்றது. மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த 1968 ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இக்கூத்து ஆடப்பட்டே வந்தது. அழுத கண்களுள் எத்தனை பொழுது விடிந்தபின்னும் ஈரமாயிருந்தன என்பது வேறு கேள்வி.

இக்கூத்தைச் சிந்துநடைக் கூத்து என்பர். ஏனைய கூத்துக்களிற் போலக் கடுமையான தாளக்கட்டும் துள்ளலும் இதில் இல்லை. பாட்டின் போக்குக்கு இசைய, அசைந்து அசைந்து நடக்கும் ஒருவகை நடையே இதன் உயிர். பண்டு உடுக்கு ஒலித்தது. பின்னாளிலே மிருதங்கமும் ஆர்மோனியமும் வந்து சேர்ந்தன. மெட்டுக்கள் எளியவை, ஒருமுறை கேட்டால் நாவிலே ஒட்டிக்கொள்பவை. ஆதலின் அரிவு வெட்டும் பெண்ணும், தோட்டத்துக்கு நீர் இறைப்பவனும், வலை பொத்துபவனும் காத்தான் பாட்டை வாய்க்குள்ளே பாடிக்கொண்டிருந்தனர்.

மாரிமழை ஓய்ந்து, தையிலும் மாசியிலும் நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், மாரியம்மன் கோயில்களிலே பங்குனித் திங்களும் பொங்கலும் வேள்வியுமாக நாட்கள் நகரும். அதுவே கூத்துப் பருவம். அம்மை நோய் தணிந்தமைக்காகவோ, பிள்ளைப் பேற்றுக்காகவோ நேர்த்தி வைத்து ஆடுவிப்பாரும் உளர். பருவத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து, கொப்பியைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் உரிய பாடல்களைப் பழக்கத் தொடங்குவார். பழக்கம் நடக்கும் வளவைச் சுற்றி வேலிக்கு வேலி ஆள் நிற்கும். பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்க்கும் சிறுவனுக்கு, அரங்கேற்றத்துக்கு முன்னரே முழுக் கூத்தும் பாடமாகிவிடும்.

இன்றைய தொலைக்காட்சி இரசிகன் பொறுக்க மாட்டாத குற்றம் ஒன்று உண்டு. கதையின் முடிவை முன்கூட்டியே எவரேனும் சொல்லிவிட்டால் அவன் கடுஞ்சினங் கொள்கின்றான். காத்தானின் இரசிகனுக்கோ முடிவு தெரியும். அவன் தாய்க்கும் தெரியும். அவள் மடியிலே உறங்கும் குழந்தைக்கும் அடுத்த ஆண்டு தெரிந்துவிடும். தெரிந்த முடிவை நோக்கி ஓர் இரவு முழுவதும் அவர்கள் கூடி நடந்தார்கள். என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. இம்முறை இவன் எப்படி நடப்பான், எப்படிப் பாடுவான், கழுமரத்தடியிலே தாயை எப்படி அழைப்பான் என்றே கேட்டார்கள்.

இக்கூத்திலே காத்தானாக ஒருவர் மட்டும் தோன்றுவதில்லை. பாலகனாக ஒருவர், இளங்காளையாக மற்றொருவர், கழுவேறும் காத்தானாக இன்னுமொருவர் என்று ஒரே இரவிலே பலர் அந்த வேடத்தைத் தாங்குவர். நடிகர் மாறினார் என்று இன்று பாடசாலை வாயிலிலே எழும் வழக்கை, காத்தானின் சபையோர் நள்ளிரவிலேயே விசாரித்து முடித்துவிடுவர். முன்னவன் குரல் நன்று, பின்னவன் நடை நன்று என்று பாய்க்குப் பாய் கருத்து வேறுபடும். முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் முதுபெண்டிர் இவ்விசாரணையிலே இரக்கம் அறியாத நீதிபதிகள். அடியொன்றை விட்டுவிட்டுப் பாடினால் அவர்களே அவ்வடியை எடுத்துக் கொடுத்துவிடுவர். அந்த உதவியைவிட அவமானம் கூத்தாடுபவனுக்கு வேறில்லை. நன்றாகப் பாடினாலோ மாலை விழும், நெஞ்சிலே பணத்தாளைக் குத்துவார்கள், சீனவெடி கொளுத்துவார்கள். திறனாய்வு என்னும் சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அதன் தொழிலை மாத்திரம் நன்கறிந்திருந்தனர்.

கிழக்கு வெளுக்கும் வேளையிலே கழுமரக் காட்சி வரும். கச்சான் கோதும் தேநீர்க் கோப்பையுமாகச் சிதறிக்கிடந்த கூட்டம் அப்போது நெருங்கி அமரும். உறங்கிய பிள்ளைகளைத் தட்டி எழுப்புவர். காத்தான் பாடிக்கொண்டே கழுவிலே ஏறுகின்றான். சற்று முன்வரை பயற்றங்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தவள் கைகூப்பி எழுந்து நிற்கின்றாள். அயல்வீட்டுப் பையனே மேலே இருக்கின்றான் என்பதும் அவளுக்குத் தெரியும். மாரியின் மகனே இருக்கின்றான் என்பதும் தெரியும். இவ்விரு அறிவும் ஒன்றையொன்று இடறவில்லை.

இந்தச் சபையிடமே குடாநாட்டின் இசைநாடக நடிகர்களும் தீர்ப்புப் பெற்றனர். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் வசந்த கான சபா என்னும் தமது குழுவோடு அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் மேடையேற்றினார். பெற்ற மகனின் உடலை எரிக்க வந்த மனைவியிடமே சுடலைக்கூலி கேட்கும் காவலனாக அவர் நின்றபோது, முன்பு பத்துத் தடவை அழுதவர் பதினோராவது தடவையும் அழுதனர். அரிச்சந்திரன் பறக்கவில்லை, உருமாறவில்லை. பொய் சொல்ல மாட்டாமை ஒன்றே அவனது அதிசய ஆற்றல். அந்த ஆற்றலைக் காணவும் கூட்டம் பல மைல் தூரம் மாட்டுவண்டியிலே வந்தது.

பின்னாளிலே பேழைக்குள்ளே நாயகர் வந்தனர். 1982 ஆம் ஆண்டு இலங்கையிலே ரூபவாகினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. அக்காலத்திலே குடாநாட்டு இளைஞர் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்' என்னும் ஒளிநாடாக் கருவியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாவிடத்து இயந்திரமும் கொண்டுவந்து, முற்றத்திலே வைத்து மூன்று நான்கு படங்களை விடியும்வரை பார்ப்பது வழக்கமாயிற்று. அதே முற்றம், அதே பாய், அதே விடியல். பெண்டிரும் பிள்ளைகளும் அமரும் வரிசை முறைகூட மாறவில்லை. மாறியது ஒன்றே. பிழைவிட்டவனுக்கு அடியெடுத்துக் கொடுக்க முடியாது. பெட்டிக்குள் இருப்பவன் கேளான்.

இம்மாற்றத்தைச் சிறியது என்று தள்ளிவிட முடியவில்லை. இந்தியத் தூரதர்சனிலே 1987 ஜனவரியில் தொடங்கிய இராமாயணத் தொடரை மக்கள் நீராடி, பெட்டிக்கு மாலை சூட்டிப் பார்த்தனர். 1988 இலே அத்தொடர் முடியப்போகின்றது என்றபோது, உத்தர காண்டத்தையும் காட்டுக என்று வட இந்தியாவில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாயகனை எட்டுவதற்கு இரசிகர்க்கு அத்துணை பெரிய குரல் வேண்டியிருந்தது. பின்னர் 1997 செப்டெம்பரில் அதே தூரதர்சனிலே சக்திமான் என்னும் நாயகன் வந்தான். மகாபாரதத் தொடரிலே பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா அவ்வேடத்தை ஏற்றார். தங்களைச் சக்திமான் வந்து காப்பான் என்று நம்பிச் சிறுவர் சிலர் ஆபத்தான செயல்களிலே இறங்கினர் எனச் செய்திகள் எழுந்தன. அவ்வாறு செய்யற்க என்று அந்நடிகரே தோன்றிச் சிறுவர்க்கு அறிவுரை கூற நேர்ந்தது.

காத்தானைக் கண்ட சிறுவனுக்கு அத்தகைய அறிவுரை வேண்டியிருக்கவில்லை. கழுவேறிய காத்தான் கிணற்றடியிலே நின்று முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் பூசிக் கழுவுவதை அவன் கண்டான். அன்று மாலையே அந்த நாயகன் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போவதையும், கடனுக்குச் சீனி வாங்க நிற்பதையும் கண்டான். கண்டதனால் மதிப்புக் குறைந்ததா என்றால், இல்லை. அடுத்த ஆண்டு தானும் பாலகாத்தானாக வேடங்கட்டலாம் என்னும் ஆசையே அவனுக்குப் பிறந்தது.

அந்தச் சபைக்கு என்ன நேர்ந்தது? வைரமுத்து அவர்கள் 1989 இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1990 இல், போர் காரணமாகக் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி முதலான வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றது. கூத்தாடுபவன் சலங்கையைப் பையிலே போட்டுக்கொண்டு போகலாம், கொப்பியையும் கொண்டுபோகலாம். முன்வரிசை முதுபெண்டிரை அவ்வாறு கட்டிக்கொண்டு போக இயலாது. ஒருத்தி வன்னியிலே, ஒருத்தி முகாமிலே, ஒருத்தி மகனோடு கனடாவிலே. காத்தானை அறிந்தோர் எங்கும் இருந்தனர்; காத்தானின் சபை எங்கும் இருக்கவில்லை.

இதற்கு முன்னரே கூத்து வேறொரு வகையிலே மாறத் தொடங்கியிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றியபோது, இரவு முழுவதும் ஆடும் கூத்தைக் கற்றோர் அமர்ந்து காணும் சிறு பொழுதுக்குள் அடக்கினார். அவர் அவ்வாறு செய்யாதிருப்பின், கூத்தைப் படிப்பறியாதவர் பொழுதுபோக்கென்று இகழ்ந்த கல்விமான்கள் இன்னும் இகழ்ந்துகொண்டே இருப்பர். அந்த நன்றி மறக்கற்பாலதன்று. ஆனால் சுருக்கிய கூத்தைப் பார்க்க வருபவன் மணிக்கூட்டைப் பார்த்து வருகின்றான். முடிந்ததும் கைதட்டிவிட்டுப் போகின்றான். காத்தானையும் இன்று இரண்டு மணி நேரத்துக்குள் கழுவேற்றிவிடுகின்றார்கள். தளர்ந்த குரலோடு மூன்றாம் சாமத்தைக் கடந்து, விடியலிலே அக்குரல் மீண்டும் நிமிரும் அதிசயத்தை அந்த இரண்டு மணி நேரம் தரமாட்டாது. கூத்தர்களைப் பழக்குவதற்குப் பட்டறைகள் நடத்துகின்றார்கள், நல்லது. சபையோரைப் பழக்குவதற்கு இரவு ஒன்றைத் தவிர வேறு பட்டறை இல்லை.

விடுவிக்கப்பட்ட நிலங்களுக்கு மக்கள் சிறிது சிறிதாகத் திரும்புகின்றனர். கூரை போன கோயில்கள் மீண்டும் எழுகின்றன. கோயில் எழுந்த இடத்திலே காத்தானும் வருகின்றான். இப்போது மின்விளக்கு, ஒலிவாங்கி, முன்னே கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து ஒளிப்பதிவு செய்யும் இளைஞர். காத்தானாக ஆடுபவன் பதினெட்டு வயதுப் பிள்ளை. முந்திய இரவு தொலைக்காட்சி நாயகனின் வருகையைப் பார்த்துவிட்டு வந்தவனாயும் இருக்கலாம். பாட்டின் நடுவே ஓர் அடி அவனுக்கு நழுவுகின்றது. ஆர்மோனியக்காரர் சுரத்தை நீட்டிச் சமாளிக்கின்றார். அப்போது முன்வரிசையிலே, பிளாத்திக்குக் கதிரையிலே, கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதாக எல்லாரும் எண்ணியிருந்த ஒரு மூதாட்டி, கண்ணைத் திறவாமலே, நடுங்கும் குரலிலே அந்த அடியை எடுத்துக் கொடுக்கின்றாள்.