சகாராவில் நீர்யானை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆப்பிரிக்காவிலுள்ள சகாரா பாலைவனத்தின் பழைய சீதோஷ்ண நிலை என்பதாகும். சுமார் 11,000 வருஷங்களுக்கு முன்பிருந்து 5,000 வருஷங்களுக்கு முன்புவரை அந்த மணற்காட்டின் பெரும்பகுதி புல்லும் மரமும் ஏரியுமாக இருந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். சொன்னவுடனே, "அதை யாரய்யா கண்டது?" என்று ஒரு தோழர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். புராணக்காரரைக் கேட்கும் கேள்வியை விஞ்ஞானியிடம் மாத்திரம் கேட்காமல் விட்டுவிட்டால் நாமும் ஒருவகைப் பக்தர்களே ஆவோம். ஆனால் கேட்டவர், பதில் வரும்வரை எழுந்து போகக்கூடாது.

1850-ல் ஹைன்ரிக் பார்த் என்ற ஜெர்மானியர் சகாராவைக் கடந்து போகையில், இன்றைய லிபியா நாட்டில், பாறையில் மாடுகள் செதுக்கப்பட்டிருக்கக் கண்டார். ஒட்டகம் ஒன்றுகூட அதிலில்லை. மாடு மேய்ந்த இடத்தில் புல்லும் தண்ணீரும் இருந்திருக்க வேண்டுமே என்று அவர் யோசித்தார். அவ்வளவுதான் ஆரம்பம்.

சித்திரத்தைக் கண்டு நம்பிவிடலாமா? கூடாது. எழுதினவன் வேறு சீமையில் பார்த்ததை இங்கு வந்து எழுதியிருக்கலாம். எலும்பு அப்படியல்ல. 2000-வது வருஷத்தில் பால் செரினோ என்ற அமெரிக்கரின் கூட்டத்தார் நைஜர் நாட்டில் டைனோசர் எலும்பு தேடிப்போய், கோபெரோ என்ற இடத்தில் மனிதர்களின் இடுகாட்டைக் கண்டார்கள். சுமார் 200 பேரைப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நீர்யானை, முதலை, பெரிய மீன்கள் இவைகளின் எலும்புகளும், மீன் குத்துகிற எலும்பு முனைகளும் கிடந்தன. ஒரு சிறு பெண்ணின் கையில் நீர்யானைக் கொம்பில் (அதாவது அதன் பெரிய பல்லில்) செய்த வளையல் இருந்தது. இன்று அங்கு ஒருவன் தண்ணீரில்லாமல் நடந்தால் பிணமாவான்.

சாட் நாட்டில் பொடேலே என்றொரு பள்ளம் உண்டு. உலகத்தில் மிக அதிகமாகப் புழுதி கிளம்பும் இடம் அது. அந்தப் புழுதியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், மணலல்ல. டயாட்டம் என்கிற, தண்ணீரில் வாழும் நுண்ணிய பாசியின் ஓடுகள்! பழைய ஏரியின் அடித்தரை அது. பழைய கரைகளை அளந்து பார்த்ததில் அந்த ஏரி 3,50,000 சதுர கிலோமீட்டருக்கு மேலிருந்தது என்று தெரிகிறது. அதாவது நம் தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இன்றைய சாட் ஏரி அதில் மிச்சமான ஒரு குட்டை என்றே சொல்லலாம். இவைகளின் வயதை எப்படிக் கண்டார்களென்றால், உயிருள்ள பொருள்களிலிருக்கும் ஒருவகைக் கரி, அது செத்தபின் 5,730 வருஷத்தில் பாதியாகக் குறைகிறது. மிச்சத்தை அளந்து கணக்குப் போடுகிறார்கள். ஜோசியக் கணக்கல்ல, எவரும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இனி, மழை ஏன் பெய்தது என்பது. பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருவது இப்போது ஜனவரி மாதத்தில். 9,000 வருஷத்திற்கு முன் அது ஜூலை மாதத்தில் நிகழ்ந்தது. ஆகவே வடபாகத்தில் கோடை வெயில் இன்றைக்கிருப்பதைவிட 100க்கு 7 பங்கு அதிகம். தரை அதிகமாய்க் காய்ந்தால் கடல் காற்றை அதிகமாய் இழுக்கும், மழையும் அதிகமாகும். நம் தென்மேற்குப் பருவக்காற்றும் இந்த நியாயத்தில் வருவதுதான். 1981-ல் ஜான் குட்ஸ்பாக் என்ற அமெரிக்கர், காற்று, வெப்பம், ஈரம் இவைகளின் விதிகளைக் கம்ப்யூட்டரில் கணக்காக அமைத்து, வெயிலை மட்டும் பழைய அளவுக்கு மாற்றிப் பார்த்தார். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பருவமழை கூடுதலாக வந்தது.

ஆனால், தோழர்களே, இங்கேதான் சங்கதி இருக்கிறது. பின்னால் பல நாட்டார் போட்ட கணக்குகளிலும் மழை போதிய தூரம் வடக்கே போகவில்லை. கணக்கு சொன்ன மழைக்கு, பூந்தூளும் ஏரிச் சேறும் காட்டுகிற புல் முளைக்காது. ஒரு மடாதிபதியாயிருந்தால் என்ன செய்திருப்பார்? நீர்யானையே மாயை என்றிருப்பார். இவர்களோ, கணக்கில் எது விட்டுப்போயிற்று என்று தேடினார்கள். வெறும் மணல் வெயிலைத் திருப்பியடிக்கும். புல் தரை அதை வாங்கிக்கொண்டு ஈரத்தையும் மேலே விடும். ஏரியும் அப்படியே. புழுதி குறைந்தாலும் மழை மாறும். இவைகளைச் சேர்த்தபின் மழை கூடிற்று. ஆனாலும் பல கணக்குகள் எலும்பும் சேறும் சொல்லுகிற அளவை எட்டவில்லை என்று அவர்களே அச்சில் ஒப்புக்கொள்ளுகிறார்கள்.

வறண்டது எப்படி என்பதிலும் சண்டைதான். மௌரித்தானியாவுக்கு அப்பால் கடலடிச் சேற்றில் புழுதியை அளந்தவர்கள் 2000-ல், சுமார் 5,500 வருஷத்திற்கு முன் திடீரென்று வறண்டது என்றார்கள். வடசாட்டிலுள்ள யோவா ஏரியின் சேற்றை ஆராய்ந்தவர்கள் 2008-ல், இல்லை, மெல்ல மெல்ல வறண்டது என்றார்கள்.

"இதெல்லாம் நமக்கென்ன?" என்று குடியானவத் தோழர்கள் நினைக்கலாம். உலகம் சூடேறுவதால் நாளைக்கு உங்கள் வயலில் மழை கூடுமா குறையுமா என்று சொல்லுவது இதே ஜாதிக் கணக்குகள்தான். அவை சகாராவில் எவ்வளவு சரி, எவ்வளவு குறை என்று தெரிந்தவனுக்குத்தான், அவைகளை எதுவரை நம்பிக் கிணறு வெட்டலாம் என்பதும் தெரியும். எல்லாம் பொய் என்கிறவனுக்கும் எல்லாம் சத்தியம் என்கிறவனுக்கும் யோசிக்கிற வேலை மிச்சம்.

நேரமாகிவிட்டது. கேள்வியுள்ள தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறோம்.