கோபுரம் எழுமுன் நிலத்தைப் பாருங்கள்



நாட்டுப்புறங்களில் இன்று தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பல எழுகின்றன. அவை வேண்டியவையே, எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் அவற்றால் பயனடைகின்றனர். ஆயின், கோபுரம் அமைப்போர் மேட்டு நிலத்தையே நாடுவர். வெள்ளத்துக்கு அஞ்சிய முன்னோரும் மேட்டு நிலத்திலேயே குடியிருந்தனர். இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக்குழி ஒன்றில், பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரையைக் கண்டெடுத்தனர். அது எலும்புக்கூட்டோடு சேர்ந்து கிடந்தமையாலன்றோ அதன் பொருள் விளங்கிற்று! அத்திவாரம் வெட்டுவோரின் மண்வெட்டி முந்தியிருப்பின், அம்முத்திரை மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும்.

தொல்லியல் ஆய்வு கோபுரத்தைத் தடுப்பதற்கன்று. பயிற்சி பெற்றோர் காணியை வரிசை வரிசையாக நடந்து பார்ப்பர். மட்கல ஓடு, பழஞ்செங்கல் முதலியன கிடக்கும் இடங்களைக் குறிப்பர். ஊர் முதியோரை வினாவுவர். ஐயமுள்ளவிடத்துச் சிறுகுழி தோண்டி மண்ணடுக்குகளை நோக்குவர். எச்சங்கள் உளவெனின், கோபுரத்துக்கு வேறிடம் தேடலாம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1998இல் திருத்தப்பட்டபோது, அபிவிருத்தி வேலைகளுக்கு முன்னரான இத்தகைய ஆய்வுக்கு இடமளித்தது. எனினும், காணியை நாள்தோறும் காண்பவர்கள் நீங்களே. உழும்போது பழைய ஓடுகள் வெளிப்படும் மேடு உங்கள் ஊரில் உண்டாயின், வேலை தொடங்குமுன் தொல்பொருட் டிணைக்களத்துக்கு அறிவியுங்கள். கோபுரத்தைப் பிறிதோரிடத்தில் எழுப்பலாம்; குலைந்த மண்ணடுக்கை மீள அடுக்க எவராலும் இயலாது.