நூறு வெள்ளிப்பணத்துக்குக் கழுத்தைப் பிடிப்பவர்கள்



இரக்கம் நல்லது என்று நெய்யூருக்கு வந்து ஒருவன் பிரசங்கிக்க வேண்டிய அவசியம் இல்லை. 1838ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் வைத்தியர் லண்டன் மிஷன் சார்பில் இங்கே சிகிச்சை தொடங்கிய காலமுதல், திருவிதாங்கூரின் தென்கோடியில் கிடந்த இந்தச் சிற்றூரின் பெயர் நோயாளிகளுக்கு ஆறுதலாகவே இருந்துவந்திருக்கிறது. ஆகவே இரக்கத்தைப் புகழ நான் இந்த மேடையில் ஏறவில்லை. இரக்கம் பெற்ற நாம் அதைக்கொண்டு என்ன செய்தோம் என்று கணக்குக் கேட்கவே ஏறியிருக்கிறேன்.

பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டு வெளியே வந்த ஊழியன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனைக் கண்டவுடன் கழுத்தைப் பிடித்தான் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, அவன் எக்காலத்திலோ எத்தேசத்திலோ இருந்த ஒரு துஷ்டன் என்று எண்ணி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். நான் சொல்லுகிறேன், அவன் பெயர் நம்முடைய சபைப் பதிவேட்டில் இருக்கிறது.

நமக்கு மன்னிக்கப்பட்ட கடன் கொஞ்சமா? நிலத்தோடு சேர்த்து மனிதரை விற்ற அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1855இல்தான் அடிமைத்தளை சட்டப்படி நீங்கிற்று. தோளை மறைத்து உடுத்தியதற்காக நம்முடைய பெண்கள் தெருவிலும் சந்தையிலும் பட்ட அவமானத்துக்குப் பின், உயர்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு 1859இல்தான் அந்த உரிமையும் கிடைத்தது. இங்கே வைத்தியராக வந்த லீச், வந்த சில ஆண்டுகளுக்குள் கடலில் மூழ்கி மாண்டார். 1888இல் ஆலங்கோட்டில் குஷ்டரோகிகளுக்கு ஓர் இல்லம் உண்டாயிற்று. பெற்ற தாயும் தொட அஞ்சிய புண்ணை அந்நியர் கழுவினார்கள். 1922இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்றுவிட்டு ஊர் சுற்றிப் பார்க்க வந்த வைத்தியர் சாமர்வெல், வாசலில் காத்திருந்த ஜனத்திரளையும், ஒற்றை ஆளாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த வைத்தியரையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு இங்கேயே பல ஆண்டுகள் உழைத்தார். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி வாயில் புற்று வந்தவர்களுக்கு ரேடியம் வைத்து அவர் செய்த சிகிச்சையை உலகத்து வைத்தியர்கள் அறிவார்கள்.

இவ்வளவும் பெற்றவர்கள் நாம். ‘நாங்கள் கொடுக்கவில்லையா? ஸ்தோத்திரப் பண்டிகையைப் பாரும்!’ என்பீர்கள். பார்த்திருக்கிறேன். காணிக்கையாக வந்த தேங்காய்க் குலையை, பக்கத்து வீட்டுக்காரன் கேட்டுவிட்டானே என்பதற்காக மும்மடங்கு விலைக்கு ஏலத்தில் எடுக்கும் தனவான், தென்னையேறி அந்தக் குலையை வெட்டி இறக்கியவனுக்குக் கூலி கொடுக்க மட்டும் ‘நாளைக்கு வா’ என்கிறானே, அதையும் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் சொன்ன தொகை கோயிலில் உரக்க வாசிக்கப்படுகிறது; கூலி பாக்கியை யார் வாசிக்கிறார்கள்? ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, இரங்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

மிஷனரிமார் எல்லாரும் இரக்கத்தில் தேறியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 1828இல் நெய்யூரில் வந்து தங்கி இந்த ஊழியத்துக்கு அஸ்திவாரம் போட்ட மீட் ஐயர், மனைவியை இழந்த பின்னர், நம் நாட்டில் மிகவும் தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியை விவாகம் செய்துகொண்டபோது, அடிமைகளுக்காக மகாராஜாவிடம் மனுச்செய்த அதே கூட்டத்தார் அதைப் பொறுக்கவில்லை. அவர் மிஷனைவிட்டு விலக நேர்ந்தது. தூரத்தில் நிற்பவனுக்கு இரங்குவது எளிது. அவன் சம்பந்தியாக வந்து திண்ணையில் உட்காரும்போதுதான் நம் இரக்கம் வியர்க்கிறது. நூறாண்டு கழிந்தும் நம் வீட்டுக் கலியாணப் பேச்சில் ஞானஸ்நானத்துக்கு முந்தின ஜாதியை அல்லவா முதலில் விசாரிக்கிறோம்? இந்த யோக்கியதையில் அந்த வெள்ளைக்காரர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

தாய்மார்களே, சமையலுக்கு முன் பிடியரிசி எடுத்து வைக்கிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. உங்கள் வீட்டில் மாவாட்டுகிற பெண் காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். பெரியோர்களே, ஏழையின் பத்திரத்தை வட்டிக்குப் பிடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். முதல் தீர்ந்தும் வட்டிக்காகப் பிடித்து வைத்திருந்தால், இன்று இரவே எடுத்துப் போய் அவன் கையில் கொடுங்கள். கூலி பாக்கி வைத்தவர்கள் சனிக்கிழமைக்குள் தீர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாருங்கள்.